சந்தை யாருடையது? சுங்கம் யாருக்கு?

அரியலூர் பஸ் நிலையத்தருகே ஒரு டீக்கடை. பெரம்பலூரில் கணக்கு எழுதும் வாலிபர் ஒருவர் தம் கைபேசியை நம்மிடம் நீட்டினார். அது கூகுள் கம்பெனியின் ஆண்ட்ராய்டில் ஓடுகிறது. அதில் அவர் கணக்குப் போடுவது மைக்ரோசாப்ட் கம்பெனியின் எக்செலில். கடிதம் பார்ப்பது அதே கம்பெனியின் அவுட்லுக்கில். “இரண்டு பேரும் பகையாளிகள் என்கிறீர்கள். என் கையில் ஒற்றுமையாகத்தானே வேலை செய்கிறார்கள்? இதில் உங்களுக்கு என்ன குறை?” என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

அவர் செய்வதில் குறை ஏதுமில்லை. ஒருவன் போனில் மற்றவன் செயலியை வைத்துக்கொள்வது அவருடைய உரிமை. ஆனால் அந்த உரிமையின் சாவி அவர் கையில் இருக்கிறதா?

2013-ம் ஆண்டைப் பார்ப்போம். அப்போது மைக்ரோசாப்டுக்குச் சொந்தமாக விண்டோஸ் போன் இருந்தது. கூகுளின் யூடியூப்பைப் பார்க்க அதற்கு ஒரு செயலியை மைக்ரோசாப்ட் தயாரித்தது. எங்கள் நிபந்தனைகளை மீறுகிறது என்று சொல்லி, அதை அகற்றும்படி மே மாதம் கூகுள் கெடு வைத்தது. ஆகஸ்டில் திருத்தி வெளியிட்டார்கள். இரண்டே நாளில் கூகுள் முடக்கிவிட்டது. போனை வாங்கியவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை!

பின்னர் நடந்தது என்ன? 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது. வரித் தகராறு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை மட்டும் அந்தப் பேரத்துக்கு வெளியே நின்றது. பல மாவட்டங்களிலிருந்து போன நம் பெண்களும் பிள்ளைகளும் உழைத்த அந்த ஆலை, 2014 நவம்பர் 1-ல் உற்பத்தியை நிறுத்தியது. விண்டோஸ் போனும் பிழைக்கவில்லை. தோற்ற மைக்ரோசாப்ட் தன் சரக்கை ஆண்ட்ராய்டு சந்தையில் கடை பரப்பியது. 2020-ல் தானே ஆண்ட்ராய்டு போன் விற்கவும் வந்தது. வாலிபர் கண்ட ஒற்றுமை இதுதான். சந்தையில் முதலாளிகள் சமாதானமானார்கள். தெருவில் நின்றவன் தொழிலாளி.

மைக்ரோசாப்டும் உத்தமன் அல்ல. விண்டோஸோடு தன் இணைய உலாவியைக் கட்டி விற்றதற்காக, 1998-ல் அமெரிக்க சர்க்காரே அதன்மேல் வழக்குப் போட்டது. ஆகவே ஒரு கம்பெனிக்குப் பரிந்து மற்றொன்றை ஏசுவது நம் வேலையல்ல.

“ஆண்ட்ராய்டு இலவசம், அதனால்தானே ஏழைக்கும் மலிவாகப் போன் கிடைத்தது” என்பார்கள். மலிவு உண்மை. ஆனால் பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்றச் செயலிகளையும் மூட்டையாகப் போனில் ஏற்றியாக வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு நிபந்தனை விதித்தார்கள். வெங்காயம் வாங்க வந்தவன் தலையில் புளியையும் மிளகாயையும் கட்டுவது போன்றது இது! 2022 அக்டோபர் 20-ல் இந்தியப் போட்டி ஆணையம் இதற்காக ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 ஜனவரியில் தடை கொடுக்க சுப்ரீம் கோர்ட் மறுத்தது. அதன் பிறகே, செயலிகளைத் தனித்தனியாக ஏற்றலாம் என்று கூகுள் இறங்கி வந்தது. மார்ச்சில் மேல்முறையீட்டு மன்றம் அபராதத்தை உறுதி செய்தது; ஆனால் ஆணையத்தின் உத்தரவுகளில் நான்கை நீக்கிவிட்டது.

இது கணக்கெழுதும் வாலிபரின் விவகாரம் மட்டுமா? 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையின் வருகைப் பதிவு கைபேசிச் செயலி வழியாகக் கட்டாயமாக்கப்பட்டது. நாளைக்கு இரண்டு முறை போட்டோ. அதுவும் ஆண்ட்ராய்டு போனில். ஏரிக்கரையில் சிக்னல் இல்லையென்றால், வெயிலில் மண் சுமந்தவளின் கூலி என்னாவது? சர்க்கார் கொடுக்க வேண்டிய கூலிக்கு அந்நிய முதலாளியின் வாசல் வழியாகத்தான் போக வேண்டுமா?

வாரச்சந்தையில் சுங்கக் குத்தகை எடுத்தவனுக்குக்கூடப் பஞ்சாயத்து கட்டண விகிதம் நிர்ணயித்துப் பலகையில் எழுதி வைக்கிறது. கூகுளின் சந்தையிலோ, செயலிக்குள் நடக்கும் விற்பனையில் நூற்றுக்கு முப்பது வரை தரகு வைத்தவன் குத்தகைக்காரனேதான்!

நாம் கேட்பது அதிகமில்லை. வாங்கிய போனிலிருந்து வேண்டாத செயலியை அகற்றும் உரிமை வேண்டும். எந்தக் கம்பெனியின் போனிலும் எந்தக் கம்பெனியின் செயலியும் ஓடத் தடையிருக்கக் கூடாது. தரகுக்குச் சட்டம் வரம்பு கட்ட வேண்டும். சர்க்காரின் சேவை எதுவும் ஒரே கம்பெனியின் போனை நம்பி நிற்கக் கூடாது. போனே இல்லாதவருக்கும் காகிதப் பதிவு செல்ல வேண்டும்.

டீக்கடை வாலிபருக்கு நம் பதில் இதுதான்: தம்பி, எக்செலைத் தாராளமாக வைத்துக்கொள். ஆனால் சாவியையும் கேள். தனியாகக் கேட்டால் கிடைக்காது, சேர்ந்து கேட்போம்!