தண்ணி பாட்டிலில் சரக்கை ஊத்தாதீங்க: கப்பலுக்கும் சரி, காருக்கும் சரி

1/
போன வாரம் ஓ.பி.யில் ஒருவர் கேட்டார். "டாக்டர், குடும்பத்தோட கப்பல் டூர் போறோம். உள்ள பார்ல விலை கட்டுப்படியாகாதாம். மவுத்வாஷ் பாட்டில்ல ஊத்தி, சூட்கேஸ்ல வெச்சுட்டா ஸ்கேன்ல மாட்டுமா?"

மாட்டுமா மாட்டாதான்னு எனக்குத் தெரியாது, நான் கஸ்டம்ஸ் ஆபீசர் இல்லை. ஆனா மாட்டாம உள்ளே போயிட்டா என்ன ஆகும்னு தெரியும். அதைத்தான் இந்த நீளப் பதிவில் சொல்லப் போறேன். கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/
முதல்ல கப்பல் கதை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பலுக்கு, கேசினோ விவகாரத்தில் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. நம்ம கடலோரம் வரை வந்து திரும்பிப் போனது. 2025 ஜூலை 2-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கிளம்பி, 4-ஆம் தேதி இங்கே வந்து நின்றது. எதிர்ப்புகளும் இருந்தன, வேடிக்கை பார்க்கக் கூட்டமும் இருந்தது. அன்றிலிருந்து நம்ம ஊர்க்காரங்களுக்கும் கப்பல் ஆசை வந்துவிட்டது. தப்பே இல்லை, போய்ட்டு வாங்க.

3/
இப்போ கப்பல்காரங்களுக்கு ஒரு குட்டு. வெளிச் சரக்கு கூடாதுன்னு அவங்க சொல்றது உங்க ஈரல் மேல இருக்கிற அக்கறையில் இல்லை. பார் வியாபாரம் படுத்துடும், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஓடும் பெரிய கப்பல்களில் ஆளுக்கு 750 மி.லி. ஒயின் ஒன்று, முதல் நாள் மட்டும், என்று ஒரு சலுகை உண்டு. பிராந்தி, விஸ்கி என்றால் அங்கேயும் வாசலோடு சரி. 2015-ல் கார்னிவல் நிறுவனம் தண்ணீர் பாட்டில், சோடா பாட்டில் கொண்டுவரவும் தடை போட்டது. காரணம் கேட்டால், பாட்டிலுக்குள்ளே ஒளித்துக் கொண்டுவருகிறார்கள் என்றார்கள். நாலு பேர் செய்த வேலைக்கு நாலாயிரம் பேருக்குத் தண்ணி பாட்டில் போச்சு.

4/
அப்புறம் 'பேக்கேஜ்'. ஒரு தொகை கட்டினால் எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம். "காசு கட்டியாச்சே" என்று வீட்டில் ஒரு கட்டிங்கோடு நிறுத்துறவர்கூட அங்கே ஆறு, ஏழு என்று போவார். மதுவில் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-லேயே சொல்லிவிட்டது. ஒரு பக்கம் "உங்கள் பாதுகாப்புக்காகத் தடை" என்று போர்டு, இன்னொரு பக்கம் "அளவில்லாமல் குடியுங்கள்" என்று மெனு கார்டு. இந்த இரட்டை வேஷத்தை நான் ஆதரிக்கவில்லை.

5/
அதனால நீங்க ஒளிச்சு எடுத்துட்டுப் போறது சரியாகிடுமா? ஆகாது.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. அந்தப் பக்கம் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு, இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சியில் கடை திறந்திருந்தது. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரங்க ஆட்சியை ஒப்படைச்சுட்டுப் போனாங்க, பாட்டிலைத் தேடி எல்லை தாண்டும் பழக்கம் மட்டும் போகலை. இன்னைக்கும் வரி வித்தியாசத்தால் இங்கே விலை குறைவு. சனி, ஞாயிறு சாயங்காலம் ஈ.சி.ஆர். செக்போஸ்ட்டைத் தாண்டும் கார்களில் எத்தனை 'தண்ணி பாட்டில்'களில் தண்ணி இல்லைன்னு உங்களுக்கே தெரியும். இதைச் சிரிப்பு ரீல்ஸாப் போட்டு ஷேர் வேற பண்றோம்.

6/
எனக்குச் சிரிப்பு வராததற்கு ஒரு காரணம் இருக்கு. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சில வருஷங்களுக்கு முன், மே மாத மதியம். டூர் வேனில் வந்த ஒரு குடும்பம், ஆறு வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. "வெயில்ல மயங்கிட்டான் டாக்டர்." உடம்பு சூடாக இல்லை, ஜில்லென்று வியர்த்திருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. குளுக்கோமீட்டரில் சர்க்கரை 38. உடனே குளுக்கோஸ் ஏற்றினோம். காரணம் மட்டும் புரியலை. சுகர் மாத்திரை எதையாவது முழுங்கினானா? இல்லை. வாயருகே குனிந்த நர்ஸ்தான் சொன்னார்: "சார், வாடை வருது."

அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். அரை மணி நேரமா வாயே திறக்கலை. சித்தப்பா வோட்காவில் ஸ்ப்ரைட் கலந்து, லேபிள் கிழியாத மினரல் வாட்டர் பாட்டிலில் ஊத்தி, சீட்டுக்கு அடியில் வெச்சிருந்தார். பையனுக்குத் தாகம். எடுத்தான், இனிப்பா இருந்தது, குடிச்சான்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். அந்த அப்பா முகம் எனக்கு இன்னும் மறக்கலை.

7/
ஒரு சின்னக் கணக்கு. நம்ம ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 30 மி.லி.யில் ஏறக்குறைய 10 கிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குள் அது போனால், 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 80 மி.கி. வரை ஏறலாம். வண்டி ஓட்டுற பெரியவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையே 30 மி.கி.தான்!

அதோடு, மது ஈரலின் சர்க்கரை உற்பத்தியை அடைத்துவிடும். குழந்தையின் ஈரலில் சேமிப்பு குறைவு. அதனால் போதையைவிட லோ சுகர்தான் முதலில் ஆளைச் சாய்க்கும். பெரியவங்க 'கொஞ்சூண்டு' என்று நினைக்கிற அளவு பிள்ளைக்கு வலிப்பு வரப் போதும்.

8/
குழந்தை மட்டும் இல்லை. கப்பலில் நான் அதிகம் பயப்படுவது 50 வயசு சுகர் பேஷன்ட்டுக்கு.

கப்பல் ஆடுது, குமட்டுது, சாப்பாடு இறங்கலை. காலையில் சுகர் மாத்திரை மட்டும் தவறாமல் போட்டாச்சு (கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும்). குமட்டலுக்கு ஒரு அவோமின். ராத்திரி கேபினில் ஒளிச்சு வெச்ச பாட்டில். கொஞ்ச நேரத்தில் உளறல், தள்ளாட்டம், வியர்வை. கூட இருக்கிறவர் என்ன சொல்வார்? "மாமாவுக்கு ஏறிடுச்சு, படுக்க வைங்க." அது போதை இல்லாமல் லோ சுகராக இருந்தால், அந்தத் தூக்கத்திலிருந்து அவர் எழுந்திருக்காமலே போகலாம். அவோமினும் மதுவும் சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும், வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு.

பாரில் உட்கார்ந்து குடிச்சால் நாலு பேர் பார்ப்பாங்க. கேபினில் ஒளிச்சுக் குடிச்சால் யார் பார்ப்பாங்க?

9/
மூணாவது ஆள்தான் முக்கியம். "பார் விலை அதிகம்" என்பதை ஒரு சாக்காகச் சொல்லும் ஆள். இவருக்குப் பிரச்சனை விலை இல்லை. மனைவி, பிள்ளைகள் கண்ணில் படாமல் தினமும் குடிச்சாகணும்.

பாட்டில் வாசலில் பிடிபட்டதென்று வையுங்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால், 6 மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் வரும்: இல்லாத உருவம் தெரியும், ஆள் அடையாளம் தெரியாது, எழுந்து ஓடுவார். சிகிச்சை இல்லையென்றால் உயிர் போகும். இந்தக் கணக்கை இரண்டு நாள் கப்பல் பயணத்தோடு பொருத்திப் பாருங்கள். நடுக்கடலில், டெக்கில் நிற்கும்போது.

இவரைத் திருடன் மாதிரி நடத்தாதீங்க. இவர் நோயாளி. அதே நேரம், இவருக்கு ஒளிச்சு வைக்க டிப்ஸ் கொடுக்கிற நண்பர் இவருக்கு நல்லது செய்யலை.

10/
"கப்பல்லதான் டாக்டர் இருக்காரே?" இருக்கார். மருந்தும், ஊசியும், ஆக்சிஜனும் இருக்கும். ஆனா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடைக்கிறதெல்லாம் அங்கே கிடைக்காது. நம்ம ஊரில் அந்தக் கப்பல் கரையைத் தொடவே இல்லை. கடலுக்குள்ளேயே நங்கூரம் போட்டு, பயணிகளைப் படகில்தான் கூட்டி வந்தாங்க. ஃபிட்ஸ் வந்தவரை, அலையடிக்கும்போது, கப்பலிலிருந்து படகுக்கு இறக்குவதை ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க.

11/
"டாக்டர், ஒரு குவார்ட்டருக்கு இவ்வளவு பேச்சா? பெரியவங்க காசு, பெரியவங்க உடம்பு" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். குடிக்கிறது உங்க விருப்பம். ஆனா வேஷம் போட்ட பாட்டில் உங்களோடு நிற்காது. பக்கத்தில் இருக்கிற குழந்தை அதைத் தண்ணியாகத்தான் நம்பும். லேபிள் என்பது அடுத்தவருக்கு நீங்க கொடுக்கிற வாக்கு. அதில் பொய் எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

12/
செய்ய வேண்டியவை:

- எந்த மதுவையும் அதன் சொந்த பாட்டிலைத் தவிர வேறெதிலும் ஊத்தாதீங்க. கப்பல், கார், கல்யாண மண்டபம், எங்கேயும்.
- டிக்கெட் போடும்முன் கப்பல்காரரிடம் விதியை எழுத்தில் கேளுங்க. கையில் இருப்பதைச் சொல்லிக் கொடுத்தால், இறங்கும்போது திருப்பித் தருவார்களா என்றும் கேளுங்க.
- தினமும் குடிப்பவர் டூருக்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்க. நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீங்க. பேசத் தயக்கமா? 14416, டெலி மானஸ், இலவச எண்.
- குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க, காபி, மோர் வைத்தியம் வேண்டாம். நல்ல விழிப்போடு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மயக்கமென்றால் வாயில் எதுவும் ஊத்தாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தூக்கிட்டு வாங்க.
- வந்ததும் முதல் வார்த்தையாக உண்மையைச் சொல்லுங்க. நாங்க போலீஸ் இல்லை. அரை மணி நேர மௌனம் மூளையைத் தின்றுவிடும்.

13/
கப்பல் நிறுவனங்களுக்கும் ஒரு கோரிக்கை. குடிதண்ணீரை எல்லா மாடியிலும் இலவசமாக வையுங்கள். ஓ.ஆர்.எஸ்., குழந்தையின் பால், மருந்து, சீல் உடைக்காத தண்ணீர், இவற்றை வாசலில் பிடுங்காதீர்கள். 'அளவில்லா' பேக்கேஜை நிறுத்துங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு அப்புறம் பாதுகாப்பு பற்றிப் பேசுங்கள், கேட்கிறோம்.

14/
கடைசியா ஒண்ணு. இதைப் படிச்சு முடிச்சதும் எழுந்து போய் உங்க கார் டிக்கி, டிராவல் பேக், ஃபிரிட்ஜ் கதவு, மூணையும் ஒரு தடவை பாருங்க. வேற பாட்டிலில் ஊத்தி வெச்சது ஏதாவது இருந்தா, இப்பவே சிங்க்கில் கொட்டிடுங்க. வீட்டில் பிள்ளைக்கு எந்த நேரத்தில் தாகம் எடுக்கும்னு யாருக்கும் தெரியாது.

கப்பல் ஏறப் போற நண்பர்களுக்கு இதைப் பகிருங்க.