நினைவைப் பேணுதல்

மனிதன் ஈட்டும் செல்வங்களுள் தலையாயது நினைவு. கற்ற கல்வியும், பெற்ற மக்களின் பெயரும், வாழ்ந்த தெருவின் வழியும் நினைவிலேயே தங்கியுள்ளன. முதுமையில் சிலருக்கு அந்நினைவு சிறிது சிறிதாக அழிகின்றது. மயிலாப்பூர் மாடவீதிகளில் ஐம்பது ஆண்டுகள் நடந்து பழகியவரும், வீடு திரும்பும் வழியறியாது திகைத்து நிற்றல் கூடும். இதனை மறதி நோய் என்றும், டிமென்ஷியா என்றும் மருத்துவர் கூறுவர்.

“முதுமையில் மறதி வருவது இயற்கை, அதனைத் தடுக்க இயலுமோ?” என்பார் பலர். பொருளை வைத்த இடத்தை மறப்பது வேறு; அப்பொருள் எதற்கு என்பதையே மறப்பது வேறு. பின்னது நோயேயாகும். 2024-ஆம் ஆண்டில், ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 14 காரணங்களை எடுத்துக் காட்டியது. அவற்றை நீக்கினால், மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு. அவற்றுள் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மிகுபருமன், இரத்தத்தில் கெட்ட கொழுப்பு மிகுதல், உடலுழைப்பின்மை ஆகிய ஐந்தும் உணவோடும் உடற்பயிற்சியோடும் தொடர்புடையவை. உண்ணும் முறையும் உழைக்கும் முறையும் மூளையின் நலத்தையும் தீர்மானிக்கின்றன என்பது இதனால் விளங்கும்.

பின்லாந்து நாட்டில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரைக் கொண்டு ஈராண்டு நடந்த ஆய்வின் முடிவு 2015-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, இரத்தக் கொதிப்பு முதலியவற்றைக் கண்காணித்தல் ஆகிய நான்கையும் ஒருங்கே மேற்கொண்டவர்கள், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களினும் அறிவுத்திறன் சோதனைகளில் மேம்பட்டு நின்றனர்.

சென்னையும் இவ்வகையில் ஒரு பாடம் கற்பித்துள்ளது. 1996-ஆம் ஆண்டில், தியாகராயநகரில் எளியோர் வாழும் பாரதி நகரிலும், திருமங்கலத்தில் நடுத்தர வகுப்பினர் வாழும் ஆசியாட் காலனியிலும் நீரிழிவு பற்றிய ஆய்வு தொடங்கிற்று. அப்போது நடுத்தர வகுப்பினருள் 12.4 விழுக்காட்டினருக்கும், எளியோருள் 6.5 விழுக்காட்டினருக்கும் அந்நோய் இருந்தது. பின்னர் ஆசியாட் காலனி மக்கள் தாமே பொருள் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்தனர். வாரத்தில் மும்முறைக்கு மேல் நடப்போர் 14 விழுக்காட்டிலிருந்து 59 விழுக்காடாகப் பெருகினர். பத்தாண்டு கழித்து அங்கே நோயுற்றோர் 15.4 விழுக்காடு, பாரதி நகரிலோ 15.3 விழுக்காடு. ஓரிடத்தில் நோய் சிறிதே கூடிற்று. மற்றோரிடத்தில் இருமடங்குக்கும் மேலாயிற்று.

இதிலிருந்து அறியத்தக்கது யாது? “நடந்து பழகுக” என்று கூறினால் மட்டும் போதாது. நடப்பதற்கு இடமும் வேண்டும். மயிலாப்பூரில் நாகேசுவரராவ் பூங்கா உண்டு. தியாகராயநகரில் பனகல் பூங்கா உண்டு. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதியில் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது. இவை போன்ற வசதிகள் குடிசைப் பகுதிகளுக்கும் எட்ட வேண்டும். பூங்கா என்பது வசதி படைத்தோரின் அணிகலன் அன்று. எல்லோர்க்கும் உரிய மருந்தாகும்.

உணவிலும் மாற்றம் வேண்டும். சென்னை மக்கள் உணவால் பெறும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, தீட்டிய அரிசி முதலிய தானியங்களிலிருந்தே வருவதாக ஆய்வொன்று காட்டிற்று. இலையில் சோற்றைக் குறைத்துக் கீரையும், காய்கறியும், பயறும் மிகுத்தல் நன்று. அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றில் உள்ள உப்பையும் அளவோடு கொள்ளல் வேண்டும்.

இவ்வாறு வாழ்ந்தாலும் இந்நோய் சிலரைப் பற்றக்கூடும். ஆதலின் நோயுற்றாரைப் பழித்தல் தகாது. அவர்களை அன்போடு பேணுதலே கடமை.

“இது முதியோர்க்குரிய செய்தியன்றோ?” என மாணவர் எண்ணலாகாது. நோயின் அறிகுறி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளையில் மாற்றம் தொடங்கிவிடுகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. இன்று விளையாட்டுத் திடலில் ஓடும் கால்களும், மாலையில் தாத்தா பாட்டியின் கைபற்றி உடன் நடக்கும் கால்களும், இரு தலைமுறையின் நினைவையும் காக்கத் துணைபுரிவனவாகும்.