ஏழாம் நாளுக்கும் கூண்டு ஏற்றுங்கள்!

வங்கக் கடலிலே புயல் உருவானால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. காசிமேட்டுத் தோழன் பார்க்கிறான், வலையைச் சுருட்டுகிறான், படகைக் கட்டுகிறான். சோதிடம் சொன்னதற்காக அல்ல, விஞ்ஞானம் சொன்னதற்காக! கடலின் சீற்றத்தைக் கணிக்கக் கற்ற மனிதன், கத்தி பட்ட உடலின் சீற்றத்தையும் கணிக்கக் கற்று வருகிறான். அந்தக் கணிப்பு இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் எட்டுகிறதா? அதுதான் நமது கேள்வி.

மூளையின் அடியிலே பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. பிட்யூட்டரி என்பது பெயர். பட்டாணிதான், ஆனால் மற்றச் சுரப்பிகள் பலவற்றை ஆட்டிவைக்கும் பட்டாணி! அதில் கட்டி வளர்ந்து கண் நரம்பை அழுத்தினால், பக்கப் பார்வை மங்கும். கிரேன் ஓட்டும் தோழனுக்கு அதன் பொருள் என்னவென்று நாம் சொல்லவும் வேண்டுமா?

1907இல் ஆஸ்திரியாவின் ஷ்லோஃபர் மூக்கு வழியே சென்று அந்தக் கட்டியை எடுத்துக் காட்டினார். 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி நரம்பியல் அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். இன்று இந்த அறுவை பெரும்பாலோருக்கு நல்லபடியே முடிகிறது.

முடிந்த பிறகு? முதல் ஓரிரு நாளில் சிலருக்குச் சிறுநீர் பெருக்கெடுக்கும், தாகம் வாட்டும். அது மருத்துவமனைக் கட்டிலில் நடப்பது. செவிலியர் கண்ணில் படும். மற்றொன்று பதுங்கி வருவது! நான்காம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே, பெரும்பாலும் ஏழாம் நாளையொட்டி, உடல் நீரைத் தேக்கிக்கொள்ளும்; இரத்தத்திலே சோடியம் என்னும் உப்புச் சத்து குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு! அப்போது நோயாளி எங்கே? வீட்டிலே! "வெயில் சூடு" என்று செம்பு செம்பாகத் தண்ணீர் தருகிறார்கள். அன்புதான், ஆனால் அந்த நேரத்தில் அளவு மீறிய நீர், குறைந்த உப்பை மேலும் குறைக்கும்.

யாருக்குச் சிக்கல் வரும்? கட்டி பெரிதென்றால், இரண்டாம் முறை அறுவையென்றால், மூளை நீர் மூக்கு வழியே கசியும் வாய்ப்புக் கூடுதல். 1997இல் அமெரிக்காவில் 958 நரம்பியல் அறுவை மருத்துவர்களிடம் கேட்டுத் திரட்டிய கணக்கு, அனுபவம் மிகுந்த கையில் சிக்கல் குறைவு என்று காட்டியது. கணிப்பொறியும் இப்போது கணிக்க முயல்கிறது. ஆனால் உப்புக் குறைவு யாரைத் தாக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல எவராலும் இயலவில்லை. எவரை என்பது தெரியாது. எப்போது என்பது தெரியும்! ஆகவே எல்லோருக்கும் ஏழாம் நாளில் இரத்தச் சோதனை. எளிய சோதனை, உயிர் காக்கும் சோதனை!

அந்தச் சோதனைக்காகத் திருவொற்றியூரிலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து வரவேண்டுமா? வட்டாரச் சுகாதார நிலையத்திலேயே அது கிடைக்கட்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வருகிறதே, அந்தப் பட்டியலில் இவர்கள் பெயரும் ஏறட்டும். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பெரியவர்கள் அழைத்த ஸ்டான்லியானாலும், பொது மருத்துவமனையானாலும், வீட்டுக்கு அனுப்பும் சீட்டு தமிழில் பேசட்டும்: "மூக்கைச் சிந்தாதே, மூட்டை தூக்காதே, தெளிந்த நீர் சொட்டினால் உடனே வா, மாத்திரையை நீயாக நிறுத்தாதே, மருத்துவர் சொன்ன அளவு நீர் குடி."

"மூட்டை தூக்காதே" என்று சொல்லிவிடலாம். தூக்காவிட்டால் அடுப்பு எரியுமா? ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு, விதிப்படி தகுதி இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு உண்டு. அட்டையே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு? அவருக்கும் ஓய்வுக் கூலி கேட்பது சலுகையல்ல; சிகிச்சையின் ஒரு பாதி!

கூண்டு ஏற்றுவது கடமையின் தொடக்கம். படகைக் கட்டக் கரை தருவதே கடமையின் நிறைவு. வரும் நாள் தெரிந்த புயலுக்கு ஒரு தொழிலாளியைப் பலி கொடுத்துவிட்டு, விதி என்று சொல்வோமானால், குற்றம் விதியினுடையதல்ல, நம்முடையது!