எந்தத் தட்டுக்குப் பரிசோதனை?

புலம்பெயர்ந்த நாம் எழுதும் கதைகளில் கடல் எப்போதும் சுத்தமாகவே இருக்கிறது. உப்புக்காற்று, கருவாட்டு வாசம், அம்மாவின் மட்டிக் குழம்பு. அந்த மட்டி எந்தத் தண்ணீரை வடிகட்டி வளர்ந்தது என்று கேட்ட கதை எதுவும் எனக்கு நினைவில்லை.

எண்ணூரைப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம். 1990களின் நடுவில் அங்கே வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. இந்திய நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் வருடக்கணக்கில் ஒழுகின. படகு ஓடிய இடங்கள் மேடாயின. ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் எல்லாம் அந்தச் சாம்பலில் உண்டு. போதாததற்கு 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது.

மட்டியும் சிப்பியும் மீனைப்போல ஓடிப் போவதில்லை. இருந்த இடத்திலேயே மணிக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டித் தின்கின்றன. உலோகம் சதையில் தங்கிவிடுகிறது. மட்டி சாவதுமில்லை, நாறுவதுமில்லை. அழுகிய மீனை மூக்கு காட்டிக்கொடுக்கும். காட்மியத்தை எந்த மூக்கும் அறியாது, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. நம் சிறுநீரகத்தில் பல பத்தாண்டுகள் குடியிருக்கும்.

“வரம்புக்குள்தான் இருக்கிறது” என்பார்கள். எவருடைய வரம்பு? ஒரு கிலோ மட்டிச் சதையில் 1 மில்லிகிராம் காட்மியம் வரை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. அதே ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 2.5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. கணக்குப் போடுங்கள்: 50 கிலோ எடையுள்ள பெண் அந்த வரம்பில் உள்ள மட்டியை வாரம் 125 கிராம் தின்றாலே அளவு முடிந்துவிடும். சோற்றிலும் கீரையிலும் வருவது தனி. எப்போதாவது உணவகத்தில் ஒரு தட்டு வாங்கும் பாரிஸ்காரருக்கு இது போதும். தினமும் கழிமுகத்தில் இறங்கிக் கையால் இறால் தடவி, விற்றது போக மிஞ்சியதைக் குழம்பு வைப்பவளுக்கு?

நமக்கு வரும் உறைந்த இறால் பெட்டிக்கு ஆய்வகச் சான்றிதழ் உண்டு. தேறாத சரக்கு துறைமுகத்திலிருந்தே திரும்பிப் போகும். இந்தியச் சட்டத்திலும் வரம்பு எழுதியிருக்கிறது. ஆனால் காட்டுக்குப்பத்துக் கூடையை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரி யார்?

“நிரூபணம் வரட்டும்” என்கிற நம் சங்கத்துப் பொறியாளர்களுக்கு மினமாட்டாவை நினைவூட்டுகிறேன். 1956இல் நோய் பதிவானது. 1959இல் ஆலையின் சொந்த மருத்துவரே கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்து உண்மையைக் கண்டார். அதை மூடிமறைத்தார்கள். பாதரசக் கழிவு 1968 வரை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நிரூபணம் இருந்தது, அலமாரிக்குள் இருந்தது.

2017இல் டி. எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடிய புறம்போக்குப் பாடலை நாம் ஆசையோடு பகிர்ந்தோம். நல்ல பாட்டுதான். அடுத்த பொங்கல் விழாவுக்கு அமைச்சரையோ வாரிய அதிகாரியையோ அழைக்கும்போது, பொன்னாடைக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: எண்ணூர் மட்டிச் சதையில் மாதாமாதம் உலோக அளவு, மின்வாரியத்தின் செலவில், முடிவு தமிழில், குப்பத்துப் பலகையில். எப்போது தொடங்குவீர்கள்?