வாசல் விளக்கு யாருக்கு?

திருநெல்வேலிச் சீமையில் அந்தக் காலத்து வீடுகளில் வாசலின் இரு புறமும் விளக்கு மாடம் இருக்கும். அந்தி சாய்ந்ததும் அதில் அகல் ஏற்றுவார்கள். வீட்டுக்குள் இருப்பவருக்கு அந்த வெளிச்சத்தால் பெரிய பயன் இல்லை. தெருவில் போகிறவருக்குத்தான் அது வழி காட்டியது.

அந்தச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர்களின் வீடுகளில் மாடத்துக்கு ஏது இடம்? கதவைத் திறந்தால் சந்து. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்தச் சந்துக்குள்ளேயே சாக்கடை மூடி, தண்ணீர்க் குழாய், மேல் அறைக்கு ஏறும் இரும்பு ஏணி எல்லாம் அடங்க வேண்டும். 90 அடி சாலையில் தெருவிளக்கு உண்டு. உள்ளே இரண்டு திருப்பம் திரும்பிவிட்டால், யாரோ ஒருவர் தம் வாசலில் போட்ட விளக்கே தெருவிளக்கு.

ஆகவே வாசல் விளக்கை வீட்டு அலங்காரத்தோடு சேர்த்துப் பார்ப்பது தவறு. இரவு ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி, பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டிய பெண், ஏணியில் தடவித் தடவி இறங்கும் முதியவர் ஆகியோரின் கால்கள் அந்த வெளிச்சத்தை நம்பியே இருக்கின்றன.

மழைதான் முதல் சோதனை

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை இங்கு வாழ்ந்தவர் எவரும் மறக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில், இரண்டு வயரை முறுக்கி, ஒரு ஹோல்டரை ஆணியில் தொங்கவிடுவது விபத்தை விலைக்கு வாங்குவது ஆகும். தகரச் சுவரிலோ இரும்பு ஏணியிலோ மின்சாரம் கசிந்தால், ஈரக் காலோடு அதைத் தொடுகிறவர் உயிருக்கே ஆபத்து.

எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை வாட்?" என்பது அன்று, "தண்ணீர் புகுமா?" என்பதே. வெளிப்புற விளக்கின் பெட்டியில் 'ஐ.பி.' என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது தண்ணீரையும் எந்த அளவுக்குத் தடுக்கும் என்பதைச் சொல்லும். கூரைச் சாய்ப்பின் கீழே மாட்டுவதற்கு ஐ.பி. 44 போதும். சாரல் நேராக அடிக்கும் சுவருக்கு ஐ.பி. 65 வேண்டும்.

அடுத்தது எர்த். உலோக உடல் கொண்ட விளக்குக்கு எர்த் வயர் கட்டாயம். எர்த் இல்லாத வீட்டில், சதுரத்துக்குள் சதுரம் அச்சிட்ட, இரட்டைக் காப்பு உள்ள பிளாஸ்டிக் விளக்கை வாங்குவதே புத்திசாலித்தனம். மின்சாரம் கசிந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்சில் 30 மில்லி ஆம்பியர் வகையை லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கொண்டு போட்டுக்கொள்ளலாம். அந்தச் செலவு ஒரு நாளும் வீண் போகாது.

கண் கூச வேண்டாம்

இருட்டைப் போக்குவதாக நினைத்து, லோகார் சால் கடைத்தெருவிலிருந்து பெரிய போகஸ் லைட்டை வாங்கி வருகிறவர்கள் உண்டு. குறுகிய சந்தில் அது எதிர் வீட்டுக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். காலடியில் உள்ள பள்ளம் தெரியாது. மேலே மூடி வைத்து, வெளிச்சத்தைத் தரைக்கு அனுப்பும் 5 வாட் எல்.இ.டி. விளக்கு ஒரு வாசலுக்குத் தாராளம். மஞ்சள் சாயல் உள்ள 3,000 கெல்வின் வகை நல்லது. 6,500 கெல்வின் வெள்ளை விளக்கைச் சுற்றி முதல் மழைக்கே ஈசல் மொய்த்துவிடும்.

செலவுக் கணக்கும் பயமுறுத்துவதாக இல்லை. பழைய 60 வாட் குண்டு பல்பு இரவில் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 21.6 யூனிட். 5 வாட் எல்.இ.டி.க்கு 1.8 யூனிட்தான்.

மாட்டுங்காவின் பழைய மாடிக் கட்டடங்களிலும் செம்பூர்க் குடியிருப்புகளிலும் நிலைமை வேறு. மாடிப்படி விளக்கு சொசைட்டியின் பொறுப்பு என்று ஒவ்வொருவரும் இருந்துவிட, பல்பு போய் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அங்கே ஆள் நடமாட்டம் கண்டு தானே எரியும் விளக்கு பயன்படும். ஓயாமல் ஆள் நடக்கும் தாராவிச் சந்துக்கு, இருட்டியதும் எரிந்து விடிந்ததும் அணையும் வகையே ஏற்றது. சூரிய விளக்கோ வெயில் விழாத சந்தில் எரியாது.

"சீரமைப்புத் திட்டம் வரப்போகிறது, இடிக்கப் போகும் வீட்டுக்கு எதற்குச் செலவு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மாநில அரசு அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது 2004இல். டெண்டர் அதானி குழுமத்துக்குக் கிடைத்தது 2022இல். இடைப்பட்ட 18 ஆண்டுகளின் இரவுகளையும் மக்கள் அதே சந்தில்தான் கழித்தார்கள். வீடு மாறும் நாளில் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் விளக்கு கூடவே வந்துவிடும்.

தெருவிளக்கு போடுவது மாநகராட்சியின் கடமை. அதைக் கேட்டு மனுக் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. மனுவுக்குப் பதில் வரும் வரை சந்து இருட்டாகவே கிடக்க வேண்டியதும் இல்லை. பத்து வீட்டுக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசினால், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஐந்து விளக்கு போடலாம். செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். வயரைச் சரிபார்க்க மே மாதமே ஏற்ற காலம். முதல் மழை விழுந்த பிறகு ஈரச் சுவரில் கை வைப்பது தகாது.