காற்றும் தாராபுரம் நகரசபையும்

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றைத் தாராபுரவாசிகளுக்கு நாம் வர்ணிக்க வேண்டுவதில்லை. அதில் சுழலும் யந்திரங்களில் பெரும்பாலானவை தனியார் உடைமை, காற்றோ ஜனங்களுடையது. கோவை ஜில்லா மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்து, 2006-ம் ஆண்டில் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கிற்று. பெரும்பகுதி பாங்கிக் கடன்தான். தெருவிளக்கு, குடிநீர்ப் பம்பு முதலிய தன் தேவைகளுக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்சார வாரியத்திற்கு விற்று, அவ்வருமானத்தைக் கொண்டு கடனை அடைத்தது. ஒரு கிராமத்திற்குக் கைகூடிய காரியம் அமராவதிக் கரை நகரசபைக்கு ஏன் கைகூடாது? பணமில்லை என்று சொல்வது வெறும் சாக்கு. சிக்கனமாய் விளக்கெரியுங்கள் என்று ஜனங்களுக்கு உபதேசிப்பது சுலபம்; பகலிலும் எரியும் தெருவிளக்கை அணைப்பது யார்? நகரசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே பொதுக் காற்றாலைக்குத் தீர்மானம் கொண்டுவருவார்களாக.