ஒரு ஊருக்கு ஒரே கடைன்னா, அதுக்குப் பேர் சாய்ஸா?

தோழர்களே,

போன வாரம் கிளைக் கூட்டம் முடிஞ்சு டீக்கடையில நின்னுட்டு இருந்தப்போ ஒரு இளம் தோழர் கேட்டார்: "பெரிய சூப்பர் மார்க்கெட் வந்தா நாம ஏன் தோழர் பயப்படணும்? விலை குறைவு, ஏசி, பிஸ்கட்டுல மட்டும் நாற்பது வகை. மக்களுக்கு சாய்ஸ் கூடத்தானே செய்யுது?"

நியாயமான கேள்வி. ஒரு முழக்கத்தைப் போட்டுட்டு நழுவிடக் கூடாது. சங்கிலிக்கடைகளோட ஆட்சியை நமக்கு ரொம்ப முன்னாடியே பார்த்துட்ட நாடு பிரிட்டன். அங்கே சின்ன ஊர்களுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்துட்டு நம்ம ஊருக்கு வருவோம்.

அங்கே முதலிடத்தில் இருக்கும் சங்கிலி டெஸ்கோ. 1919-ல் கிழக்கு லண்டனில் ஜாக் கோஹன் என்பவர் தெருச்சந்தையில் போட்ட ஒரு சின்னக் கடையில் ஆரம்பிச்சது. ஆமாம், நம்ம ஊர்ல போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு சொல்லித் தூக்கிப் போடுவாங்களே, அந்த மாதிரிக் கடைதான்! இன்னைக்குப் பிரிட்டன் மக்கள் சூப்பர் மார்க்கெட்டுகளில் செலவழிக்கும் பணத்தில் கால் பங்குக்கு மேல் அந்த ஒரே கம்பெனிக்குப் போகுது.

"கால் பங்குதானே? மீதி முக்கால் பங்கு மத்தவங்ககிட்ட இருக்கே?" என்பார்கள். இங்கேதான் ஏமாந்து போறோம். வீட்டுல பால் தீர்ந்துபோச்சுன்னா யாரும் நாடு முழுக்கச் சுத்தி வாங்கப் போறதில்லை. பக்கத்துத் தெருவுக்குத்தான் போறோம். வண்டி இருந்தா பஸ் ஸ்டாண்டு வரைக்கும். ஒரு கம்பெனிக்கு நாட்டுக் கணக்கில் 27 சதவீதம் இருக்கலாம். அதே கம்பெனி ஒரு சின்ன ஊரில் பாதிக்கு மேல் பிடிச்சு வச்சிருக்கலாம். அந்த ஊர்க்காரங்களுக்கு நாட்டுக் கணக்கால என்ன பிரயோஜனம்?

இது நம்ம கற்பனை இல்லை. 2000-ல் பிரிட்டனின் போட்டி ஆணையம் விசாரிச்சு ஒண்ணு சொன்னது. டெஸ்கோ உட்படச் சில சங்கிலிகள் போட்டி இருக்கும் ஊரில் ஒரு விலை, போட்டி இல்லாத ஊரில் வேறொரு விலை என்று வைத்திருந்தன. இது பொதுநலனுக்கு எதிரானது என்றே அறிக்கையில் எழுதினார்கள். எழுதிட்டு, அதுக்கு எந்த நடவடிக்கையும் பரிந்துரைக்காம விட்டுட்டாங்க!

விலையை விடப் பெரிய விஷயம் நிலம். இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு காலி மனை இருக்குன்னு வச்சுக்குவோம். பெரிய கடை வைக்கத் தோதான இடம் ஊருக்குள்ள அது ஒண்ணுதான். ஒரு சங்கிலிக்கடை அதை வாங்குது. ஆனா கடை கட்டலை, சும்மா போட்டு வச்சிருக்கு. கொஞ்ச நாள் கழிச்சு அதை விற்கும்போது, "இங்கே யாரும் மளிகைக்கடை வைக்கக் கூடாது" என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துடுது. இல்லைன்னா, ஒரு வணிக வளாகத்தில் தான் வாடகைக்கு வரும்போதே, "வேற சூப்பர் மார்க்கெட்டுக்கு இடம் கொடுக்க மாட்டேன்" என்று கட்டட முதலாளியிடம் எழுதி வாங்கிக்குது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இது எதுவும் தெரியாது. 'இந்த ஊருக்கு வேற கடை எதுவும் வரலையே'ன்னு நினைச்சுக்குவான். வர விடலைன்னு அவனுக்கு யார் சொல்வாங்க?

பிரிட்டனில் இந்த வேலை நடந்ததை 2008-ல் போட்டி ஆணையம் தன் அறிக்கையில் எழுதியது. 2010-ல் அதைக் கட்டுப்படுத்தி ஆணை வந்தது. ஆணை வந்ததோட நின்னுதா? 2010-க்கும் 2018-க்கும் இடையில் டெஸ்கோ 23 முறை அந்த ஆணையை மீறியிருக்கு என்று 2020-ல் அரசின் போட்டி அமைப்பு அறிவித்தது. அபராதம் எவ்வளவுன்னு கேட்கத் தோணுதா? பூஜ்யம். அபராதம் போட அந்த அமைப்புக்கு அப்போ அதிகாரமே கிடையாது. டெஸ்கோவை மட்டும் சொல்லவும் முடியாது, பின்னாடி மத்த சங்கிலிகளும் இதே தப்புல மாட்டினாங்க.

அதே 2008 அறிக்கையில் நல்ல யோசனை ஒண்ணு இருந்தது. பெரிய கடைக்கு அனுமதி கொடுக்கும் முன், பத்து நிமிஷக் கார் பயண தூரத்துக்குள் எத்தனை போட்டிக் கடைகள் இருக்கு என்று எண்ணிப் பாருங்கள். மூன்று நிறுவனங்களோ அதற்குக் குறைவோதான் இருக்கு, கேட்கும் கம்பெனியிடம் கடைப் பரப்பில் 60 சதவீதமோ அதற்கு மேலோ போய்ச் சேரும் என்றால் அனுமதி கொடுக்காதீர்கள். அவ்வளவுதான். டெஸ்கோ தீர்ப்பாயத்துக்குப் போய் 2009-ல் அதை நிறுத்தியது. ஆணையம் மறுபடி பரிந்துரைத்தும் எந்த அரசும் அதைச் சட்டமாக்கலை.

நார்ஃபோக் கடற்கரையில் ஷெரிங்ஹாம் என்று ஒரு ஊர். எட்டாயிரம் பேர்கூட இல்லை. அங்கே டெஸ்கோ வரக் கூடாதுன்னு ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் பதினாலு வருஷம் போராடினாங்க. வரட்டும்னு சொன்னவங்களும் இருந்தாங்க, அதை மறைக்க வேண்டியதில்லை. 2010-ல் கவுன்சில் அனுமதி கொடுத்தது, 2013-ல் கடை திறந்தது. இதுல நான் கவனிச்சது ஒண்ணுதான். பதினாலு வருஷம் காத்திருக்க ஒரு கம்பெனியால முடியும். ஊர்க் கறிக்கடைக்காரருக்கோ ஒரு வருஷ நஷ்டமே தாங்காது.

சரி, பெரிய கடை பிடிக்கலைன்னா மூலைக்கடைக்குப் போகலாமே? போகலாம். அந்த மூலைக்கடைகள் பலவற்றுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபார நிறுவனம் புக்கர். 2018-ல் அதையும் டெஸ்கோ வாங்கிடுச்சு. லண்டன் பக்கம் நம்ம ஈழத்துச் சொந்தங்கள் நிறையப் பேர் இந்த மாதிரிக் கடைதான் நடத்துறாங்க. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் நம்ம அண்ணன். அவர் சரக்கு எடுக்கும் இடமோ, எதிரே போட்டிக்கு நிற்கும் கம்பெனியோடது.

சரக்கு கொடுக்கிறவங்க கதி? 2016-ல் இதற்கென்றே உள்ள நடுவர் ஒரு அறிக்கை கொடுத்தார். டெஸ்கோ தன் வரவு செலவுக் கணக்கை நல்லாக் காட்டுறதுக்காகச் சரக்கு கொடுத்தவர்களின் பணத்தைத் தாமதப்படுத்தியது என்பது அவருடைய முடிவு. ஊருக்கு ஒரே வாங்குபவன்னு ஆயிட்டா, விக்கிறவனுக்குக் கேள்வி கேட்க வாய் எங்கே வரும்?

இதைப் படிச்சுட்டு 'அண்ணாச்சி கடை சொர்க்கம்'னு நான் சொல்றதா நினைச்சுடாதீங்க. எடை குறைச்சுப் போடுற கடையும், நோட்டுல கடன் எழுதி ஊர் முன்னாடி அவமானப்படுத்துற கடையும் நமக்குத் தெரியாததா? சில ஊர்களில் வாங்க வந்தவர் எந்தத் தெருக்காரர் என்று பார்த்துத்தான் சாமானே கையில கொடுத்தாங்க. அந்தத் தெருவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி சூப்பர் மார்க்கெட்டில் தன் கையாலேயே பொருளை எடுத்து, விலையைப் படிச்சுப் பார்த்து, யாரும் முறைக்காம பில் போட்டுட்டு வர்றா. அதுவும் சுதந்திரம்தான். அதைக் கேலி பண்ணுற உரிமை நமக்குக் கிடையாது. நம்ம சண்டை அந்தக் கடையோட இல்லை, ஊருக்கு அது ஒண்ணு மட்டுமே மிஞ்சுறதோடதான்.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். 2012 செப்டம்பரில் பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு ஒன்றிய அரசு அனுமதி கொடுத்தப்போ நாடு முழுக்கக் கடையடைப்பு நடந்தது ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுமே அதை எதிர்த்தன. மாநில அரசு சம்மதிச்சாத்தான் வரலாம் என்று விதி இருந்ததால் இங்கே அது நடக்கலை. 2014-ல் அதே டெஸ்கோ டாட்டாவின் டிரெண்ட் நிறுவனத்தோடு பாதிக்குப் பாதி கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்குள் வந்தது.

வெள்ளைக்காரன் கடையைத் தடுத்துட்டோம்னு அன்னைக்குச் சந்தோஷப்பட்டோம். ஆனா அந்தக் கட்டுப்பாடெல்லாம் அந்நிய முதலீட்டுக்குத்தான். உள்நாட்டுச் சங்கிலிக்கு அதில் ஒண்ணும் பொருந்தாது. எந்தச் சின்ன ஊருக்கும் வரலாம், எத்தனை கடை வேணும்னாலும் திறக்கலாம். பெரிய கட்டடத்துக்கு அனுமதி கேட்டு மனு வந்தால் வாகன நிறுத்தம், பக்க இடைவெளி, தீயணைப்பு எல்லாம் பார்ப்பாங்க. 'இந்த ஊர்ல உங்களுக்குப் போட்டி யார்?' என்ற கேள்விக்கு அந்த விண்ணப்பத்தில் இடமே இல்லை.

நம்மகிட்ட ஆயுதமே இல்லைன்னு சொல்ல முடியாது. 1999-ல் ஆரம்பிச்ச உழவர் சந்தைகள் இருக்கு, விவசாயி நேராக விற்கலாம். 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கு. அதன்படி ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு வேணும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்கணும். உங்க ஊர்ல அந்தக் குழு இருக்கா? கடைசியா எப்போ கூடிச்சு? தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட பத்து ரூபாய்தான்.

அதனால தோழர்களே, அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குச் சும்மா போய் உட்கார்ந்துட்டு வராதீங்க. வாரச்சந்தை கூடும் நிலம் யார் பேரில் இருக்கு, நகராட்சிக் கடைகளில் எத்தனை ஏலம் போகாமல் பூட்டிக் கிடக்கு, அடுத்து வரப்போற பெரிய கடைக்கு எந்த மனையில் அனுமதி கேட்டிருக்காங்க, இந்த மூணையும் கேளுங்க. பதிலை எழுத்துல வாங்கி, மாவட்டக் குழுவுக்கு ஒரு நகல் அனுப்பிடுங்க. ஊர் ஊரா அந்தக் கணக்கு கையில இருந்தாத்தான் நகராட்சி வாசல்ல நின்னு பேச முடியும்.